வடக்கே பாலை மரம்

உறுதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது:
கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை,
மேற்கே செல்லையா வகையறா காணி,
வடக்கே பாலை மரம்.

ஓடையைக் காணவில்லை.
செல்லையா வகையறா நோர்வேயில்.
பாலை மட்டும் மூன்று நிற்கிறது,
ஒன்றுக்கொன்று நாற்பது அடி தள்ளி.

நான் சங்கிலிக்காரன்.
சங்கிலி போய் நாடா வந்து,
நாடா போய் முக்காலிமேல் கண்ணாடிப் பெட்டி வந்த பிறகும்
சம்பளத்தாளில் சங்கிலிக்காரன்தான்.
குச்சவெளிக்கு வடக்கே, ஆனி மாதம்.
கச்சான் அடித்து
பல்லுக்குள் மண் நெறுநெறுத்தது.

சர்வேயர் ஜெமீல் கேட்டார்:
எந்தப் பாலை, அம்மா?

தொண்ணூறில் போன வில்வராணி
வெள்ளைப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.
பூக்கிற பாலை, என்றாள்.

எல்லாப் பாலையும் பூக்குமே.

பாலையின்ட பூ இல்லை ஐயா.
கவட்டில குந்தியிருக்கிற பூ.
எங்கட மரத்தில மட்டும்தான் இருந்தது.

அண்ணாந்தோம்.
முதல் மரத்தின் கவட்டில்
செருப்பு வார் வெட்டினாற்போல் தடித்த இலைகள்.
நரைத்த வேர்கள் மண்ணுக்கு இறங்காமல்
பாதி வழியில் காற்றில் நின்றுவிட்டன.
ஒரு தண்டில் ஏழு பூ:
வெளுத்த சாரத்தின் கட்டம் போட்ட இதழ்,
நடுவில் நாவற்பழம் தின்ற நாக்கு.

கிராமசேவகர் புல்லுருவி என்றார்,
மரத்தைத் தின்றுவிடும், வெட்டுங்கள்.
எங்கள் சாரதி ஓர்க்கிட் என்றான்,
நிலாவெளி ஹோட்டலில் நல்ல விலையாம்.
மரவாழை என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.
வில்வராணி பெயர் எதுவும் சொல்லவில்லை.
அது மரத்திட்ட ஒண்டும் வாங்கிறதில்லை, என்றாள்
கிராமசேவகரைப் பார்த்து,
சும்மா பிடிச்சுக்கொண்டிருக்குது.

சரி, இதுதானே மரம் என்று
ஜெமீல் பேனையைத் திறந்தபோதுதான்
நான் இரண்டாவதைப் பார்த்தேன்.
அங்கேயும் ஒரு தண்டு. ஐந்து பூ.
மூன்றாவதில் இரண்டு குத்து,
ஒன்று பட்டுப்போன கிளையில்.

யாரும் பேசவில்லை.
மேலே எங்கோ ஒரு இருவாய்ச்சி கத்தி ஓய்ந்தது.

போன வருசக் காய் ஒன்று வெடித்துக் காய்ந்திருந்தது.
அளவுகம்பால் தட்டினேன்.
விதையென்று சொல்ல ஏதுமில்லை,
திருநீறைவிட மெல்லிய தூள்;
என் கையில் விழுமுன் கச்சான் கொண்டுபோயிற்று
கடல் பக்கமாக.
அவள் இல்லாத ஒவ்வொரு ஆனியிலும்
இப்படித்தான் ஊதியிருக்கும்.
நாற்பது அடி அதற்கு என்ன தூரம்.

ஜெமீல் எழுதினார்:
பாலை, மூன்று. சுற்றளவு ஆறு அடி, ஏழு, ஆறரை.
எல்லை நிச்சயமில்லை.
பிறகு நிழலில் குந்தி
உதிர்ந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

தண்ணி இருக்கா தம்பி, என்றாள்.
குடிக்கத்தான் என்று போத்தலைக் கொடுத்தேன்.
அவள் நடு மரத்தடிக்குப் போய்
எட்டி, தாழத் தொங்கிய வேரில் ஊற்றினாள்.
சாம்பல் வேர் நாங்கள் பார்க்கப் பார்க்க
பச்சையாயிற்று.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தாள்.
இதுதான்.

மற்ற இரண்டிலும் ஊற்றியிருந்தால்
அங்கும் பச்சையாகியிருக்கும்.
எனக்குத் தெரியும், கிராமசேவகருக்கும் தெரியும்.
போத்தலில் இன்னும் ஒரு மிடறு கிடந்தது.

நான் அதை வாங்கிக் குடித்தேன்.
சிவப்புப் பெயின்ற் டப்பாவை
அவள் கையில் கொடுக்கவில்லை.
மூடியைத் திறந்து, தூரிகையை மேலே வைத்து,
ஓடையைத் தேடுவதுபோல் கிழக்கே நடந்தேன்.

திரும்பி வந்தபோது
நடுப் பாலையில் பட்டை ஈரமாக இருந்தது.
ஜெமீல் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பழப்பாலில் இரண்டு உதடும் ஒட்டிப்போய்
அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.